உம்மாவின் அச்சுகள்

ஹேவாஹெட்டையைப் பற்றி எழுத வருபவர்கள் பெரும்பாலும் தேயிலையில்தான் தொடங்குவார்கள். அதைப் பிழை என்று சொல்ல முடியாது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இலங்கையின் தேயிலை வர்த்தகம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. அந்தத் தோட்டம் எங்கள் மலைகளுக்குள் இருக்கிறது. துரைமாரின் கதையை அவர்களே எழுதிவைத்தார்கள். கொழுந்து கிள்ளியவர்களின் கதையை மலையக எழுத்தாளர்கள் எழுதினார்கள். கடைத்தெருவில் இருந்த சோனகர்களைப் பற்றி எழுதும்போது மட்டும் பேனா வியாபாரத்தோடு நின்றுவிடுகிறது. வாங்கினோம், விற்றோம், கடன் கொடுத்தோம், கொப்பி எழுதினோம். நம் வீடுகளுக்குள் கையால் ஏதாவது செய்தோமா என்று கேட்பவர்கள் குறைவு. வீட்டுக்குள் செய்தவர்கள் பெண்களாக இருந்தது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதற்குள் செருப்பு றப்பரில் வெட்டி மரக்கட்டையில் ஒட்டிய அச்சுகள் நாற்பத்து மூன்று, கொய்யா மரத்தில் செதுக்கியவை ஒன்பது, எக்ஸ்ரே படங்களில் வெட்டிய தகடுகள் இருபதுக்கு மேல், ஒரு துத்தநாகத் தகடு, கைப்பிடி கறுத்துப்போன ஒரு சவரக் கத்தி. இவை என் உம்மாவின் சொத்து. மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தது இந்தப் பெட்டி.

வாப்பா தையற்காரர். கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையின் முன்விறாந்தையில் சிங்கர் மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட யூனிபோர்ம், தோட்டத்துக் கங்காணிமாருக்கு கோட், பெருநாளைக்குச் சிறுவர்களுக்கு ஜுப்பா. நெஞ்சில் வருத்தம் வந்து, கண்டிக்கும் ஹேவாஹெட்டைக்கும் இடையில் இரண்டு வருடம் பஸ்ஸில் அலைந்தார். மாரஸ்ஸன, தலாத்துஓயா என்று அந்தப் பாதையின் ஒவ்வொரு வளைவும் அவருடைய இருமலோடுதான் எனக்கு ஞாபகம். ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய பழுப்பு உறையோடு திரும்பி வருவார். 1984இல் அவர் மௌத்தானபோது அல்மாரிக்கு மேல் அந்த உறைகள் ஒரு அடுக்காக இருந்தன. எனக்கு வயது பதினொன்று. தம்பிமார் இருவரும் என்னைவிடச் சின்னவர்கள்.

உம்மா இத்தாவில் இருந்த நான்கு மாதமும் பத்து நாளும்தான் இந்தப் பெட்டியின் தொடக்கம். வீட்டை விட்டு வெளியே போக முடியாது. கையில் காசு இல்லை. வாப்பா பெருநாள் வேலைக்கென்று கடனுக்கு எடுத்து வைத்திருந்த வெள்ளைத் துணி ஒரு கட்டு அப்படியே கிடந்தது. கடைக்காரர் நல்லவர், துணியைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் கடன் கடன்தான். உம்மா அந்தத் துணியைத் தலையணை உறைகளாகத் தைத்தார். வெறும் வெள்ளை உறைக்கு யார் நல்ல விலை தருவார்கள்? அதில் பூ போட வேண்டும். கையால் பூத்தைக்க ஒரு உறைக்கு இரண்டு நாள் பிடிக்கும். அச்சு வைத்தால் கால் மணித்தியாலம்.

முதல் அச்சுகள் சமையலறையில் இருந்துதான் வந்தன. வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து மூலைப் பூ. வாழை மட்டையை வெட்டினால் அரைப்பிறை. ஆனால் காய்கறி அச்சு ஒரு நாளுக்கு மேல் தாங்காது. சாறு கசிந்து சாயம் பரவும். பிறகுதான் பழைய பாட்டாச் செருப்பு. அதன் அடிப்பாகத்து றப்பரில் பூவை வரைந்து, வேண்டாத இடத்தைக் கத்தியால் கழித்து, ஒரு மரத்துண்டில் ஒட்டினால் வருடக்கணக்கில் உழைக்கும். எங்கள் வளவில் பிய்ந்த செருப்பு எதுவும் அந்தக் காலத்தில் குப்பைக்குப் போனதில்லை. பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்மணி தன் பிள்ளைகளின் பிய்ந்த செருப்புகளைச் சேர்த்துவைத்து ஒரு பையில் கொண்டுவந்து தருவார்.

சாயத்தை அச்சில் நேரே பூசக்கூடாது. ஒரு தட்டில் சாக்குத் துண்டு, அதன் மேல் பழைய கம்பளித் துண்டு, அதன் மேல் மெல்லிய துணி. இந்த மெத்தையில் சாயத்தை ஊற்றி ஊறவிட்டு, அச்சை அதில் ஒற்றியெடுக்க வேண்டும். துணிக்குக் கீழேயும் மெத்தை வேண்டும். பலகையில் போர்வையை நாலாக மடித்துப் போட்டு அதன் மேல் துணியை விரிப்பார். அச்சை வைத்து, உள்ளங்கையின் அடியால் ஒரு தரம் அழுத்துவார். ஒரே தரம்தான். இரண்டாம் தரம் அழுத்தினால் பூவுக்கு நிழல் விழும். "கை நடுங்கினா பூவும் நடுங்கும் மகள்" என்பார்.

தகட்டு வேலை வேறு. அச்சில் நாம் மேடாக விட்ட இடம் துணியில் விழுகிறது. தகட்டில் நாம் வெட்டியெடுத்த ஓட்டை வழியாகச் சாயம் விழுகிறது. கடதாசித் தகடு நாலு உறைக்குப் பிறகு நனைந்து துவண்டுவிடும். நனையாத, கிழியாத, கத்திக்கு இசைந்துகொடுக்கிற ஒரு பொருள் வேண்டும். அது அல்மாரிக்கு மேல் இருந்தது.

வாப்பாவின் எக்ஸ்ரே படங்களைப் புதைத்துவிடச் சொன்ன உறவினர்களும் உண்டு, எரித்துவிடச் சொன்னவர்களும் உண்டு. உம்மா இரண்டையும் செய்யவில்லை. பிளீச்சிங் பவுடர் கலந்த சுடுதண்ணீரில் ஒவ்வொன்றாக ஊறவைத்துத் தேய்த்தார். கறுப்பு கரைந்து போய், வெளிச்சம் புகுகிற நீலமான தாள்கள் மிஞ்சின. அவற்றில் இலைகளையும் பூக்களையும் வெட்டினார். ஒன்றை மட்டும் கழுவவில்லை. அதில் விலா எலும்புகள் இன்றும் தெரிகின்றன. அந்தத் தாளில் அவர் வெட்டியது ஒரு பன்ன இலை. எலும்புகளின் வரிசையும் இலையின் வரிசையும் ஒரே பக்கமாகச் சரிந்திருக்கும். அதைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

தகடு வெட்டுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு வளையத்தை வெட்டிப் பாருங்கள். வெளிக்கோட்டையும் உள்கோட்டையும் வெட்டி முடித்ததும் நடுவட்டம் கழன்று விழுந்துவிடும். வளையத்துக்குப் பதில் ஒரு பெரிய ஓட்டைதான் கிடைக்கும். நடுவட்டம் நிற்க வேண்டுமானால் வளையத்தின் குறுக்கே இரண்டு இடத்தில் வெட்டாமல் விட வேண்டும். இதை உம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தது தேயிலைப் பெட்டி.

இன்று தேயிலை காகிதச் சாக்கில் போகிறது. அப்போது பலகைப் பெட்டிகளில் போனது. ஒவ்வொரு பெட்டியிலும் தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், நிறை, இலக்கம் ஆகியவற்றைத் துத்தநாகத் தகட்டை வைத்துக் கறுப்பு மை தூரிகையால் தட்டிப் பதிப்பார்கள். பி.ஓ.பி. என்ற எழுத்துகள் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கில அரிச்சுவடிக்கு முன்பே தெரியும். வாப்பாவிடம் சட்டை தைத்த ஒரு தொழிற்சாலைக்காரர், தேய்ந்துபோய்க் கழித்த தகடு ஒன்றை எங்கள் வீட்டில் கொண்டுவந்து போட்டிருந்தார். அதில் பி, ஓ இரண்டு எழுத்துகளும் இடையிடையே துண்டுபட்டு இருக்கும். உம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்தத் துண்டுகள் எதற்கு என்று பார்த்தவுடனே விளங்கிக்கொண்டார். "உள்ளுக்கு ஈக்கிற துண்டு உழுகாம ஈக்கணுமெண்டா, கொஞ்சம் வெட்டாம உடணும்." அந்த வெட்டாத இடத்துக்கு அவர் வைத்த பெயர் பாலம்.

ஜப்பானியரின் கட்டகாமித் தகடுகள் மல்பெரிக் கடதாசியைப் பல அடுக்காக ஒட்டி, பெர்சிமன் பழச் சாறு பூசிப் புகையூட்டிச் செய்யப்படுபவை. அவற்றிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே மயிரிழை போன்ற பட்டுநூலால் உள்துண்டுகளைப் பிணைத்தார்கள். அந்த நூல்களே ஒரு வலையாகிவிட்டால் பாலம் தேவையில்லை. இன்றைய திரையச்சின் தத்துவம் அதுதான். இதையெல்லாம் பின்னாளில் புத்தகங்களில் படித்தபோது எனக்கு ஹேவாஹெட்டைக் கடைத்தெருவின் தகடுதான் கண்ணில் வந்தது.

எங்கள் வீட்டு வருமானத்துக்கு வருடத்தில் மூன்று பருவங்கள் இருந்தன. சித்திரையில் சிங்களவர்கள் புதுத் தலையணை உறை வாங்குவார்கள். தீபாவளிக்குத் தோட்டத்தவர்கள். இரண்டு பெருநாளுக்கும் நம்மவர்கள். பெருநாள் மட்டும் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்துவரும். அதனால் சில வருடங்களில் இரண்டு பருவங்கள் ஒன்றாக வந்து மோதும். அப்போது இரவு முழுக்க விளக்கெரியும். சிங்கள வீடுகளுக்குத் தாமரையும் பூங்கலசமும் வேண்டும். தோட்டத்து லயன்களுக்கு மயில் இல்லாமல் சரிவராது. நம்மவர்களுக்குப் பிறையும் கொடியும். பெட்டிக்குள் இவையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எண்பதுகளில் இந்த நாட்டில் வேறெங்கு இந்த மூன்றும் அப்படி ஒட்டிக் கிடந்தன என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

மயில் பிரச்சினையாகியது. ஊரில் மதிக்கப்பட்ட ஒரு பெரியவர், உயிருள்ளதன் உருவத்தை ஒரு முஸ்லிம் பெண் துணியில் போட்டு விற்பது கூடாது என்று ஆளனுப்பிச் சொன்னார். உம்மா கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொன்னார்: "மயில் எங்கட ஊட்டுல படுக்கப் போறல்ல. ஆனா கேக்க வேண்டிய ஆள்கிட்ட கேக்குறேன்." கேட்டார். கண்டியிலிருந்து ரமழானுக்கு வந்திருந்த ஒரு ஆலிமிடம், என் மாமா மூலமாக. அவர் ஆயிஷா நாயகியின் வீட்டுத் திரையைப் பற்றிய ஹதீஸை நினைவூட்டினார். உருவம் போட்ட திரைச்சீலையை நபிகளார் விரும்பவில்லை; ஆயிஷா நாயகி அதைக் கிழித்துத் தலையணையாக்கிக்கொண்டார்கள். தொங்கவிட்டு மதிப்புச் செய்வதும் தலைக்குக் கீழே போட்டு மிதிபடவிடுவதும் ஒன்றல்ல என்று அதிலிருந்து சட்டம் சொன்ன இமாம்கள் உண்டு. அதுவும் கூடாது என்றவர்களும் உண்டு. ஆலிம் இரண்டையும் சொல்லி, "உங்கட மனசு எதில அமைதியாகுதோ அதைச் செய்யுங்க" என்றாராம்.

உம்மா ஒரு கிழமை மயிலைத் தொடவில்லை. பிறகு மயிலின் உடலை அச்சிலிருந்து வெட்டி எடுத்துவிட்டுத் தோகையை மட்டும் வைத்துக்கொண்டார். நடுவில் கண், சுற்றிவர நீலமும் பச்சையும். லயத்துப் பெண்கள் அதையும் மயில் என்றுதான் வாங்கினார்கள். யாருக்கும் குறைவில்லை. சட்டம் தெரிந்தவர்கள் இதைச் சமாளிப்பு என்பார்கள். எனக்கு அது ஒரு கைவினைஞரின் தீர்ப்பாகத்தான் படுகிறது. முஸ்லிம் உலகின் கொடிக்கோலங்களும் நட்சத்திரக் கோலங்களும் இப்படியான கைகளின் யோசனையிலிருந்தும் வளர்ந்திருக்க வேண்டும்.

எழுத்து விடயத்தில் அவர் இன்னும் கண்டிப்பு. தலையணை உறையில் 'மாஷா அல்லாஹ்' போட்டுத் தரச் சொல்லிக் கேட்ட மணமகள் வீட்டாரைத் திருப்பி அனுப்பினார். தலை வைத்துப் படுப்பதிலும் அழுக்குத் தண்ணீரில் துவைப்பதிலும் அந்தப் பெயர் இருக்கக்கூடாது என்பது அவர் கணக்கு. சுவரில் தொங்கவிட பிஸ்மில்லாஹ் கேட்டவர்களுக்கு மட்டும் ஒரு தகடு வெட்டினார். அச்சு செய்யவில்லை. அச்சில் எழுத்தைத் தலைகீழாக, வலத்தை இடமாக்கிச் செதுக்க வேண்டும்; அதாவது அரபு நம் தமிழைப்போல இடமிருந்து வலமாக ஓடும். ஒரு புள்ளி இடம் மாறினாலும் எழுத்தே மாறிவிடும். தகட்டில் அந்தப் பயம் இல்லை, எழுத்து உள்ளபடியே நிற்கும். ஆனால் மீமின் கண்ணும் ஹாவின் கண்ணும் கழன்று விழும். அவற்றுக்குப் பாலம் விட்டு, பதித்து முடித்த பிறகு மெல்லிய தூரிகையால் அந்த இடைவெளியை நிரப்பினார். அந்தத் தகடு பெட்டியில் தனியாக, சுத்தமான துணியில் சுற்றி இருக்கிறது.

ஆசிரியையாகிக் கண்டியில் படிப்பித்த காலத்தில்தான் இந்த வேலையின் பழைய சரித்திரத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். எகிப்தில் பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தின் மண்ணிலிருந்து ஆயிரக்கணக்கில் பருத்தித் துணித் துண்டுகள் எடுக்கப்பட்டன. அச்சுப் பதித்த துணிகள். அவற்றில் பெரும்பாலானவை குஜராத்தில் செய்யப்பட்டு, செங்கடல் வழியே போனவை. ஒக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் இருக்கின்றன. சாதாரண மக்கள் உடுத்து, கிழித்து, ஒட்டுப்போட்ட துணிகள். அதே எகிப்தில், பத்தாம் நூற்றாண்டு முதல் பதினான்காம் நூற்றாண்டு வரை, குர்ஆன் வசனங்களையும் துஆக்களையும் அச்சில் பதித்த தாயத்துக் கடதாசிகள் புழங்கின. 'தர்ஷ்' என்று அதற்குப் பெயர். குட்டன்பெர்க்குக்கு நெடுங்காலத்துக்கு முன்பே அரபு எழுத்தை யாரோ தலைகீழாகச் செதுக்கியிருக்கிறார்கள். உம்மா பயந்து விட்ட வேலையை அவர்கள் செய்திருக்கிறார்கள்.

நமக்கு அருகில் சோழமண்டலக் கரை. கோல்கொண்டா சுல்தான்களின் காலத்தில் மசூலிப்பட்டினத்துத் துணிகள் பாரசீகத்துக்கும் கீழைத் தீவுகளுக்கும் போயின. 'கலம்காரி' என்ற சொல்லே பாரசீகத்தின் 'கலம்' என்ற எழுதுகோலில் இருந்து வந்தது. நம் மரைக்காயர்களின் கப்பல்கள் துணியைக் கொண்டுபோய் வாசனைத் திரவியங்களோடு திரும்பின. கண்டிய இராச்சியத்துப் பிரபுக்கள் விரும்பி உடுத்த சோமன் என்ற கோலத்துணியும் தென்னிந்தியாவிலிருந்து மலையேறி வந்ததுதான். அந்தத் துணிகளின் சிவப்புக்கு நம் நாடும் பங்களித்தது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணலைத் தோண்டி எடுத்த சாயவேர் டச்சுக்காரர் காலத்தில் அரசின் ஏகபோகப் பொருள். இந்தத் துணிகளின் மோகம் தாங்காமல் பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அவற்றைத் தடைசெய்தது. இங்கிலாந்தும் 1700இலும் 1721இலும் சட்டம் போட்டது. பிறகு அதே ஐரோப்பா இயந்திரத்தில் பூப்போட்டு, அந்தத் துணியை நம் கடைத்தெருவுக்கே அனுப்பியது.

கச்சிலுள்ள கத்ரி சமூகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முஸ்லிம்கள். அஜ்ரக் என்ற நீலமும் சிவப்புமான அச்சுத்துணி அவர்களுடையது. துணியைக் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்து, இரும்புத் துருவும் வெல்லமும் புளிக்கவைத்த கரைசலில் புளியங்கொட்டை மாவைக் கலந்து, அதை அச்சில் ஒற்றிக் கறுப்புக் கோடு போடுவார்கள். படிகாரம், மஞ்சிட்டி, அவுரி என்று பல தடவை சாயமிட்டும் கழுவியும் ஒரு துணி முடிய வாரங்கள் பிடிக்கும். 2001 ஜனவரி 26 பூகம்பம் அவர்களின் தமட்கா கிராமத்தை அழித்தது. நிலத்தடி நீரும் கெட்டது; நீரில் இரும்பு கூடினால் சாயம் மங்கும். நல்ல தண்ணீர் தேடிப்போய் புஜ் நகருக்கு அருகே அஜ்ரக்பூர் என்ற புதிய ஊரை உண்டாக்கினார்கள். செய்யும் தொழிலின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். அவர்களில் ஒருவரான இஸ்மாயில் முஹம்மத் கத்ரிக்கு 2003இல் இங்கிலாந்தின் டி மொன்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் கௌரவ கலாநிதிப் பட்டம் கொடுத்தது.

இன்னும் ஒன்று. கஃபாவின் கிஸ்வா 1927 முதல் மக்காவிலேயே அதற்கென அமைத்த ஆலையில் செய்யப்பட்டு வந்திருக்கிறது. இடையில் சில காலம் எகிப்திலிருந்தும் வந்ததுண்டு. அதன் வசனங்களைப் பொன், வெள்ளி இழைகளால் தைப்பதற்கு முன், கறுப்புப் பட்டில் எழுத்தின் உருவைத் திரையச்சால் பதிக்கிறார்கள். அந்தக் கோட்டின் மேல்தான் ஊசி ஏறுகிறது. திரையச்சு என்பது பாலம் தேவைப்படாத தகடு. இதை உம்மாவிடம் சொன்னபோது அவர் தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்தார். "அப்ப அங்கேயும் தகடுதானா?" என்று மட்டும் கேட்டார். அன்று முழுக்க அவர் முகம் வேறு மாதிரி இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் வேலை குறையத் தொடங்கியது. கண்டி கொழும்பு வீதிக் கடைகளில் பூப்போட்ட கட்டில் விரிப்பு, இரண்டு தலையணை உறையோடு பொலிதீன் பைக்குள் வந்தது. உம்மாவின் துணி விலைக்கே அது முழுதாகக் கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து வருபவர்களின் பெட்டிகளிலும் அதுவே. 2009இல் உம்மா மௌத்தாகும்போது பெட்டி மூடிப் பல வருடமாகியிருந்தது. தம்பிமார் இருவரும் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறார்கள். பெட்டியைப் பங்கு கேட்க யாரும் வரவில்லை.

2022இல் அது மறுபடி திறந்தது. நாடு இருந்த நிலை எல்லோருக்கும் தெரியும். எரிபொருள் வரிசை, பால்மா வரிசை. சாச்சியின் பேத்தி ஒருத்தி, உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அவளுடைய வாப்பாவுக்கு வேலை போயிருந்தது. அவளை வீட்டு வேலைக்கு வளைகுடாவுக்கு அனுப்பப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் வந்து, "பெரியம்மா, அந்தப் பொட்டியத் தாறீங்களா?" என்று கேட்டாள். தொழுகை உடைகளுக்கும் மேசைத் துணிகளுக்கும் பூப்போட்டு விற்கலாம் என்பது அவளது எண்ணம். துணிச் சாயம் வாங்கப் போனாள். இறக்குமதிச் சரக்கு கடையில் இல்லை. இருந்த ஒன்றிரண்டு போத்தலின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

கத்ரிகளின் கறுப்பு எனக்கு நினைவில் இருந்தது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. சிங்களத்தில் அரளு என்கிற அந்தக் கடுக்காய் மருந்துக் கடையில் விலை. ஆனால் துவர்ப்புக்கு ஹேவாஹெட்டையில் என்ன பஞ்சம்? தேயிலைத் தூசு இருக்கிறது. கித்துள் கருப்பட்டித் துண்டு, துருப்பிடித்த ஆணிகள், ஒரு பழைய லாடம் ஆகியவற்றைத் தண்ணீரோடு பானையில் போட்டு மூன்று கிழமை வைத்தோம். நுரைத்து, புளித்து, பிறகு அடங்கியது. வெள்ளைத் துணியை முதலில் அவித்துக் கஞ்சியை எடுத்தோம். கடுந்தேநீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்தினோம். மங்கலான செம்பழுப்பு. பானைத் தண்ணீரில் புளியங்கொட்டை மாவைக் காய்ச்சிக் கூழாக்கி, உம்மாவின் மாதுளம்பூ அச்சை அதில் ஒற்றி வைத்தோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கவே சாம்பலாகி, காய்ந்ததும் கறுத்தது. கழுவியும் போகவில்லை. இரும்பைக் கூட்டினால் கறுப்பு கூடும், ஆனால் நாளடைவில் துணி அந்த இடத்தில் இற்றுப்போகும் என்பதால் கரைசலை மெலிதாகவே வைத்துக்கொண்டோம். எலுமிச்சைச் சாறு பட்டால் கறை வெளுக்கும் என்பதைத் தவறிச் சிந்திய ஒரு துளியில் கண்டுகொண்டாள். பிறகு அந்தச் சாற்றையே தூரிகையில் தொட்டுக் கறுப்புக்குள் நரம்பு வரைந்தாள்.

விற்றது. கண்டியில் சுற்றுலாக்காரர் வாங்கும் ஒரு கடை எடுத்துக்கொண்டது. தேயிலையில் சாயமிட்டது என்று சொன்னால் வெளிநாட்டவர் ஆசையாக வாங்கினார்களாம். ஆனால் அந்த வருடம் சுற்றுலாக்காரரும் குறைவு. ஒரு துணிக்குப் போகும் நேரத்தையும் கிடைக்கும் காசையும் அவள் கொப்பியில் எழுதிக் கூட்டிப் பார்த்தாள். வீட்டுக் கடனுக்கு அது போதாது. 2023இல் அவள் கத்தாருக்குப் போனாள். ஒரு வீட்டில் குழந்தை பார்க்கிறாள். இங்கே கலை ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியது என்று எழுதி முடித்தால் அழகாக இருக்கும். 1984இல் அது உண்மை. 2023இல் உண்மையல்ல. கையின் திறமை குறைந்ததால் அல்ல. கடன் பெரிதாகிவிட்டது, கைவேலையின் விலை அதோடு சேர்ந்து ஏறவில்லை.

அவளுடைய தங்கை இப்போது சனி, ஞாயிறுகளில் வருகிறாள். அவளுக்குக் காசைவிட அந்தக் கறுப்பு எப்படி வருகிறது என்பதில்தான் விருப்பம். பாடசாலையில் இரசாயனம் படிக்கிறாள். நாங்கள் இருவரும் இப்போது ஒரு வேலை செய்கிறோம். நீளமான ஒரு வெள்ளைத் துணியில், பெட்டியிலுள்ள ஒவ்வொரு அச்சையும் தகட்டையும் ஒரு தரம் பதித்து, கீழே உம்மா வைத்த பெயரை எழுதுகிறோம். ஈரப்பலா இலை. மாதுளம்பூ. இரட்டைப்பிறை. லயத்து மயில். தெல்தோட்டைக் கொடி, அது அந்த ஊரிலிருந்து வந்த ஒரு சீதனத் துப்பட்டியைப் பார்த்து வெட்டியது. எக்ஸ்ரேத் தாளின் பன்ன இலைக்கு உம்மா பெயர் வைக்கவில்லை. அதன் கீழே இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம்.

இதை வாசிப்பவர்களின் வீடுகளிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கக்கூடும். பாய்க்குச் சாயம் போட்ட பானை, தொப்பி பின்னிய ஊசி, பணியாரத்துக்குக் கோலமிட்ட அச்சு, பூத்தையலுக்கு வரைந்த கடதாசி. அவற்றை வீசுவதா வைத்திருப்பதா என்பது உங்கள் விருப்பம், வீட்டில் இடமும் வேண்டும். ஆனால் அவற்றின் பெயர்கள் தெரிந்த ஒரு மூத்தம்மாவோ சாச்சியோ இன்னும் இருந்தால், இந்தக் கிழமையே ஒரு கொப்பியோடு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். எங்கள் பெட்டியில் ஏழு அச்சுகளின் பெயர் யாருக்கும் தெரியாது.